நான்காவது ரவுண்டில் வந்தவர்: இச்சிரோவின் கேரியர் கணக்கு

1991 நவம்பரில் ஜப்பானின் புரொஃபஷனல் பேஸ்பால் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தன. கோபே நகரைச் சேர்ந்த ஆரிக்ஸ் ப்ளூவேவ் அணி, ஒல்லியான ஒரு பள்ளி மாணவரை நான்காவது ரவுண்டில் எடுத்தது. முதல் மூன்று ரவுண்டுகளில் எந்த அணிக்கும் அவர் தேவைப்படவில்லை. 2025 ஜனவரியில், அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அதே ஆளைத் தேர்ந்தெடுப்பதா என்று 394 பேர் ஓட்டுப் போட்டார்கள். 393 ஓட்டு அவருக்கு விழுந்தது.

அவர் பெயர் இச்சிரோ சுசுகி. வேலை, அவுட்ஃபீல்டர். மைதானத்தின் வெளிவட்டத்தை மூன்று பேர் காவல் காப்பார்கள், வலதுபக்கம் இவருடையது. முறை வரும்போது பேட் பிடிப்பார். பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் முதல் பேஸையாவது ஓடித் தொட்டால் அது ஒரு ஹிட்; பேஸ் என்பது ஓடித் தொடவேண்டிய நான்கு முனைகளில் ஒன்று. ஜப்பானில் 1,278 ஹிட், அமெரிக்க மேஜர் லீக்கில் 3,089 ஹிட். 18 வயதில் ஆரம்பித்து 45 வயதில் நிறுத்தினார்.

அவருடைய கையும் கண்ணும் நமக்கு வராது. அவருடைய வேலை முறை வரும். 27 வருடம் ஒரே தொழிலில், இரண்டு நாடுகளில், தன்னைவிடப் பருமனும் பலமும் உள்ளவர்களோடு போட்டி போட்டு நின்றவர் அவர். தன்னை அளக்கும் ஸ்கேலை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்பதுதான் அந்த முறையின் உயிர். மற்ற பழக்கமெல்லாம் அதிலிருந்து வந்தவை.

1. எதை எண்ணப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேட்டிங் ஆவரேஜ்தான் ஒரு பேட்டருக்கு ஜாதகம். பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை ஹிட் அடித்தால் 0.300, அவர் நல்ல பேட்டர். 1994 முதல் 2000 வரை தொடர்ந்து ஏழு வருடம் ஜப்பானின் பசிபிக் லீக்கில் அதிக ஆவரேஜ் இச்சிரோவுடையதுதான். ஆனாலும் அவர் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு ஆவரேஜ் கிடையாது, ஹிட்டுகளின் எண்ணிக்கை. இதை அவர் பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

காரணம் எளிது. ஆவரேஜ் இறங்கும். 0.385-ல் நிற்கும்போது அடுத்த முறை களத்தில் இறங்கவே மனம் தயங்கும். அடிக்காமல் திரும்பினால் எண் குறையும். உட்கார்ந்துவிட்டால் அப்படியே நிற்கும். ஹிட் எண்ணிக்கைக்கு இந்தத் தயக்கம் கிடையாது. அது ஏறத்தான் செய்யும், இறங்காது. அதை ஏற்ற ஒரே வழி, திரும்பத் திரும்பக் களத்தில் இறங்குவது.

இந்த ஒரு முடிவு அவருடைய அட்டெண்டன்ஸையே மாற்றியது. மேஜர் லீக் சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். 2005, 2008, 2010 ஆகிய மூன்று வருடங்களில் அவர் 162-லும் ஆடினார். 2001 முதல் 2010 வரை பத்து வருடம் விடாமல் 200 ஹிட்டுக்கு மேல். அமெரிக்காவில் வேறு யாரும் பத்து வருடம் தொடர்ச்சியாக அதைச் செய்ததில்லை.

உங்கள் ஆபீஸுக்கு வாருங்கள். அப்ரைசல் ரேட்டிங் ஓர் ஆவரேஜ். டீமில் வேறு யார் இருக்கிறார்கள், பெல் கர்வில் மேனேஜருக்கு எத்தனை டாப் ரேட்டிங் ஒதுக்கீடு, இந்த வருடம் கம்பெனிக்கு எப்படிப் போனது என்று பலதும் அதை இழுக்கும். அதை உங்கள் ஸ்கேலாக வைத்துக்கொண்டால் கஷ்டமான ப்ராஜெக்டைக் கண்டு ஒதுங்கத் தோன்றும். ரிஸ்க் எடுத்து ரேட்டிங்கை ஏன் கெடுத்துக்கொள்வது என்ற கணக்கு உள்ளே ஓடும்.

அதற்குப் பதில் ஓர் எண்ணிக்கையைப் பிடியுங்கள். சேல்ஸில் இருந்தால், நேரில் போய்ப் பார்த்த புது கஸ்டமர். டெவலப்பரானால், ரிவ்யூ தாண்டி ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல். வேலை தேடுபவரானால், அந்தந்த வேலைக்கென்று திருத்தி அனுப்பிய ரெஸ்யூமே. எண்ணிக்கைக்கு இரண்டு தகுதி வேண்டும்: அது குறையக்கூடாது, அதை ஏற்றும் சாவி உங்கள் கையில் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. அனுப்பிய மெயில், உட்கார்ந்த மீட்டிங் போன்ற வெறும் எண்களை எண்ணாதீர்கள். ஹிட் என்பது அணிக்கு உண்மையிலேயே பயன்படும் சரக்கு. உங்கள் எண்ணும் அப்படி இருக்கவேண்டும்.

தோல்வியையும் அதே நோட்டில் எழுதுங்கள். 2013 ஆகஸ்டில், இரண்டு நாட்டு ஹிட்டுகளையும் சேர்த்து 4,000-ஐத் தொட்டபோது அவர் பேசியது வெற்றியைப் பற்றி அல்ல. அந்த 4,000-க்காகத் தான் 8,000 முறை தோற்றுத் திரும்பியதைப் பற்றிப் பேசினார். அந்த 8,000-ஐ நேருக்கு நேர் பார்த்ததுதான் தன் பெருமை என்றார். இன்டர்வியூவில் ரிஜெக்ட் ஆனவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கவேண்டும். ரிஜெக்‌ஷன் எத்தனை, எந்த ரவுண்டில், எந்தக் கேள்வியில் என்று எழுதி வைத்திருப்பவருக்கு அடுத்த இன்டர்வியூவில் என்ன தயார் செய்வது என்று தெரியும். எழுதாதவருக்கு வருத்தம் மட்டும்தான் மிச்சம்.

2. ஸ்டைலை மாற்றச் சொல்லும் மேனேஜரோடு சண்டை போடாதீர்கள், ரிசல்டைச் சேருங்கள்

ஆரிக்ஸில் அவருடைய முதல் மேனேஜர் ஷோசோ டோய். இச்சிரோ பேட் வீசும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பந்து வரும்போது இச்சிரோ வலது காலைத் தூக்கிப் பெண்டுலம் போலப் பின்னுக்கு இழுத்து, அப்படியே உடம்பை முன்னுக்குக் கொண்டுபோய் அடிப்பார். உடல் எடையைப் பின்காலில் நிறுத்து என்பதுதான் அன்றைக்கு எல்லாக் கோச்சும் சொல்லிக்கொடுத்த பாடம். டோய் சொன்னதில் தவறில்லை, அது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் பாடம். இவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1992, 1993 இரண்டு சீசனிலும் பெரும்பகுதி அவர் இரண்டாம் அணியில்தான் இருந்தார். அங்கே கெனிச்சிரோ கவாமுரா என்ற பேட்டிங் கோச்சோடு சேர்ந்து அதே ஸ்டைலைச் செதுக்கினார். 1992-ல் இரண்டாம் அணிகளுக்கான லீக்கில் பேட்டிங் சாம்பியன் ஆனார். 1994-ல் மேனேஜர் மாறினார். புதிதாக வந்த அகிரா ஓகி, ஸ்டைலை அப்படியே விட்டு, அவரை முதல் அணியில் நிரந்தரமாக இறக்கினார். 20 வயதில், 130 ஆட்டத்தில், 210 ஹிட். ஜப்பானில் ஒரே சீசனில் 200-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். அதற்கு முந்தைய ரெக்கார்ட் 191. அது 1950-லிருந்து நின்றது.

மேனேஜர்கள் மாறுவார்கள். ஐடி கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பேங்கில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும்போதெல்லாம். அதுவரை மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, சின்ன இடமானாலும் உங்கள் முறையில் ரிசல்ட் காட்ட ஒரு மைதானத்தைப் பிடியுங்கள்: உள்அலுவலக டூல், யாரும் எடுக்காத சின்ன கிளையன்ட், இப்படி ஏதாவது. இரண்டாவது, உங்கள் முறையைப் புரிந்துகொண்ட ஒரு சீனியரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, புது மேனேஜர் வரும் அன்று மேஜையில் வைக்க எண்கள் தயாராக இருக்கட்டும். பழைய மேனேஜரைப் பற்றிய புகாரை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். புகாரோடு வருபவரை எந்தப் புது மேனேஜரும் தள்ளித்தான் வைப்பார்.

ஓகி இன்னொன்றும் செய்தார். ஜப்பானில் சுசுகி மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அந்தக் கூட்டத்தில் இவர் தொலைந்துவிடக்கூடாது என்று, 1994-லிருந்து ஜெர்ஸியில் 'இச்சிரோ' என்று மட்டும் பதியவைத்தார். அப்போது அது பெரிய புதுமை. ஒரே பெயரில், ஒரே டிசிக்னேஷனில் பத்துப் பேர் இருக்கும் ஆபீஸில், 'இந்த விஷயமா, அவரைக் கேள்' என்று சொல்லும்படி ஒரு துறையை உங்கள் பெயரோடு ஒட்டவையுங்கள். அதை நீங்களே செய்யலாம். ஓகி போன்ற மேனேஜர் கிடைத்தால் சீக்கிரம் நடக்கும்.

3. எல்லாரும் மோதும் இடத்தில் மோதாதீர்கள்

2001-ல் இச்சிரோ அமெரிக்கா போனபோது அங்கே ஹோம் ரன் காலம் உச்சத்தில் இருந்தது. அதே வருடம் பாரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்து ரெக்கார்ட் வைத்தார். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிறவருக்குத்தான் பணம், புகழ், டிவி நேரம் எல்லாம்.

இச்சிரோ அந்த வருடம் அடித்த ஹோம் ரன் எட்டு. ஹிட் 242, ஆவரேஜ் 0.350, அடுத்தவர் அடிக்கும்வரை காத்திராமல் ஓடித் திருடிய பேஸ் 56. அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் என்ற இரண்டு விருதையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அவருக்கு முன் அப்படி வாங்கியவர் ஒரே ஒருவர், 1975-ல் ஃப்ரெட் லின்.

பயிற்சியில் அவர் ஹோம் ரன்னாக விளாசித் தள்ளுவார் என்று கூட ஆடியவர்கள் வியந்து சொல்வார்கள். ஆட்டத்தில் அந்த வழிக்கு அவர் அதிகம் போகவில்லை. பலசாலிகள் நிறைந்த வரிசையில் இன்னொரு சுமாரான பலசாலியாக நிற்பதில் லாபமில்லை. தன் வேகத்துக்கு எங்கே விலை என்று பார்த்தார். இயல்பில் அவர் வலதுகைக்காரர். பந்தை எறிவது வலதுகையால். பேட் பிடிப்பது மட்டும் இடதுபக்கம், சிறுவயதில் அப்பா பழக்கியது. இடதுபக்க பேட்டருக்கு முதல் பேஸ் ஓரிரு அடி பக்கம். பந்து பேட்டில் படும்போதே அவர் கால் முதல் பேஸை நோக்கிக் கிளம்பியிருக்கும். தரையில் உருண்டு, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கைக்கு நேராகப் போகும் பந்து மற்ற எல்லாருக்கும் அவுட். ஃபீல்டர் குனிந்து எடுத்து எறிவதற்குள் இவர் பேஸைத் தாண்டியிருப்பார். 2004-ல் அவர் அடித்த 262 ஹிட்டில் 225 சிங்கிள், அதாவது முதல் பேஸோடு நின்ற ஹிட். 1920-ல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற ரெக்கார்ட் 84 வருடம் நின்று, அந்த சிங்கிள்களால் உடைந்தது.

விமர்சனமும் வந்தது. சிங்கிளை மட்டும் பொறுக்குகிறார், தவறாக வீசிய பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போகும் 'வாக்' வாங்குவதில்லை, தன் எண்ணுக்காக ஆடுகிறார் என்றார்கள். அவர் வந்த 2001-ல் அவருடைய அணியான சியாட்டில் மரைனர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. அதற்குப் பிறகு அவர் அங்கே இருந்த காலத்தில் அணி, சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. விமர்சனத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பிளேஆஃபை எட்டாத அணியில் வருடக்கணக்கில் ஒரே தரத்தில் வேலை செய்தவரின் மதிப்பு சந்தையில் குறையவில்லை. உங்கள் கம்பெனி தள்ளாடும்போது உங்களைக் காப்பாற்றுவது உங்கள் சொந்த ரெக்கார்ட்தான்.

டீமில் எல்லாரும் ஒரே சர்டிஃபிகேட் கோர்ஸ் பின்னால் ஓடுகிறார்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் நீங்கள் எத்தனையாவது ஆளாக வருவீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். இருபதாவது என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சுலபமாக வந்து மற்றவர்களுக்குச் சலிப்புத் தரும் வேலை எது? டாகுமெண்டேஷன், கோபமான கஸ்டமரிடம் பொறுமையாகப் பேசுவது, எக்ஸெலில் கணக்கு சரிபார்ப்பது, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கையில் எடுங்கள்.

4. கம்பெனியை மாற்றும்முன் ஒத்திகை பாருங்கள்; விடுகிறவருக்கும் லாபம் காட்டுங்கள்

2001-க்கு இரண்டு வருடம் முன்பே, 1999 வசந்தகாலப் பயிற்சியில், அரிசோனாவின் பியோரியாவில் மரைனர்ஸ் அணியோடு இச்சிரோ கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தார். அந்த வேகம், அந்த உடல்வாகு, அந்த லாக்கர் ரூம் பேச்சு எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். நம் பாஷையில் அது ஒரு குட்டி இன்டர்ன்ஷிப்.

பிறகு வெளியேறிய விதம். இன்னும் ஒரு சீசன் ஆடினால் ஜப்பானிய விதிப்படி அவர் சுதந்திரமாக எங்கும் போகலாம். ஆரிக்ஸுக்கு ஒரு காசு வராது. 2000-இன் கடைசியிலேயே ஏலமுறையில் விட்டால் பணம் வரும். ஆரிக்ஸ் விட்டது. பேச்சுவார்த்தை உரிமைக்காக மட்டும் சியாட்டில் கொடுத்தது 1 கோடியே 31 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இச்சிரோவுக்கு மூன்று வருடத்துக்கு 1.4 கோடி டாலர் ஒப்பந்தம். மூன்று தரப்புக்கும் லாபம்.

ரிலீவிங் லெட்டருக்காக அலையும் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் இப்போது போவதால் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஹேண்டோவர் டாகுமெண்ட், பயிற்சி கொடுத்த மாற்று ஆள், முடித்துக் கொடுத்த மைல்ஸ்டோன் என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரிசைன் மெயில் போடுங்கள். அப்போது நோட்டீஸ் பீரியட் பேச்சு வேறு தொனியில் நடக்கும்.

5. முதல் சில வாரத்தில் ஒரு காரியமாவது ஊர் பேசும்படி செய்யுங்கள்

2001 ஏப்ரல் 11, ஓக்லாந்து. இச்சிரோ மேஜர் லீக்கில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அன்று அவர் ஆரம்ப அணியிலேயே இல்லை. எட்டாவது இன்னிங்ஸில்தான் உள்ளே வந்தார். முதல் பேஸில் டெரன்ஸ் லாங் நிற்கிறார். ரமோன் ஹெர்னாண்டஸ் அடித்த பந்து ரைட் ஃபீல்டுக்கு உருண்டு வருகிறது. இப்படியான ஹிட்டில் முதல் பேஸ்காரர் மூன்றாவது பேஸ் வரை ஓடுவது வழக்கம். லாங் ஓடினார். இச்சிரோ முன்னால் வந்து பந்தை அள்ளி, அதே வேகத்தில் எறிந்தார். பந்து மேலே எழும்பவில்லை, தரையில் படவும் இல்லை. நேர்கோட்டில் போய் மூன்றாவது பேஸில் நின்ற டேவிட் பெல்லின் கையுறையில் இறங்கியது. சறுக்கி வந்த லாங்கின் கால் அந்தக் கையுறையில் வந்து முட்டியது. அவுட்.

அமெரிக்க ரசிகர்கள் அதை இன்றும் 'அந்த த்ரோ' என்றால் புரிந்துகொள்கிறார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவரை வாங்கியது பேட்டிங்குக்காக. ஜப்பானியர் இந்த வேகப்பந்தை அடிப்பாரா என்று எல்லாரும் பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் எல்லாரையும் வாயடைக்கவைத்தது கையால். அதற்குப் பிறகு வலதுபக்கம் பந்து போனால் ரன்னர்கள் இரண்டாவது பேஸிலேயே நிற்க ஆரம்பித்தார்கள். அவர் எறியாமலேயே பேர் வேலை செய்தது.

புது வேலையில் சேர்ந்த முதல் மாதம் உங்களை எதற்காக எடுத்தார்களோ அதில்தான் எல்லாருடைய கண்ணும் இருக்கும்; அங்கே ரிசல்ட் வர நாளாகும். அதற்குள் பக்கத்துத் திறமை ஒன்றைக் காட்டுங்கள். மீட்டிங் முடிந்த அரை மணியில் தெளிவான மினிட்ஸ் அனுப்புவது போதும். ஒரே வாரத்தில் உங்கள் பெயர் மேலே போகும்.

6. கருவியைக் கவனிப்பது வேலையில் பாதி

ஆட்டம் முடிந்தபின் தன் கையுறையை அவரே துடைத்து எண்ணெய் பூசுவார். பேட்டுகளை ஈரப்பதம் ஏறாத பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோவார். கையுறையின் கயிறு தளர்ந்து பந்து நழுவியது, ஷூ வழுக்கி ஓட்டம் தவறியது என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதை 2025 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் உரையிலும் அவர் எடுத்துச் சொன்னார்.

நெட் போச்சு, லேப்டாப் ஹேங் ஆச்சு, ஃபைல் காணோம். ஆன்லைன் இன்டர்வியூவில் இது முதல் தடவை சொன்னால் பரிதாபம், இரண்டாம் தடவை சொன்னால் ரிஜெக்ட். முதல் நாள் ராத்திரியே மைக், கேமரா, சார்ஜர், போனில் ஹாட்ஸ்பாட் நான்கையும் சோதித்து வையுங்கள்.

7. மொழி பயத்துக்கு இரண்டு தீர்வு

இச்சிரோவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். எதிரணியின் லத்தீன் அமெரிக்க வீரர்களைச் சீண்டும் அளவு ஸ்பானிஷும் தெரியும். ஆனாலும் பத்திரிகையாளர் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளரைத்தான் உட்காரவைத்தார். ஒரு சொல் தப்பினால் செய்தியே மாறிவிடும் இடத்தில் அவர் ரிஸ்க் எடுக்கவில்லை. லாக்கர் ரூமில், மைதானத்தில், தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை என்ற இடத்தில் தாராளமாகப் பேசினார். ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், தயார் செய்துகொண்டு, உரையை இங்கிலீஷிலேயே கொடுத்தார்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன், ஸ்டாண்டப் கால், டீம் சாட் இங்கெல்லாம் தைரியமாகத் தப்பாகப் பேசுங்கள். சம்பளப் பேச்சு, கிளையன்ட் எஸ்கலேஷன் என்றால் முன்கூட்டியே எழுதி, ஒருவரிடம் காட்டி, ஒத்திகை பார்த்துப் பேசுங்கள். எழுத்தில் நீங்கள் வலு என்றால், 'விவரமாக மெயிலில் அனுப்புகிறேன்' என்று சொல்வதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

8. இறங்குமுகம் வரும். பதவிக்காகப் பிடிவாதம் பிடிக்காதீர்கள்

இந்தப் பகுதியை 35 வயதைத் தாண்டியவர்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

2011-ல் அவருக்கு 184 ஹிட், ஆவரேஜ் 0.272. பத்து வருடத் தொடர் முடிந்தது. சியாட்டில் இளைஞர்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. 2012-ல் அவரே முன்வந்து, என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். ஜூலை 23-ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸ் அவரை எடுத்தது. அன்றைக்கு யாங்கீஸ் ஆடவேண்டியிருந்ததே சியாட்டிலில், சியாட்டிலுக்கு எதிராகத்தான். அதே மைதானம், ஆனால் எதிரணி உட்காரும் பக்கம். 51 என்ற தன் நம்பரைக் கேட்கவில்லை, அது யாங்கீஸில் பெர்னி வில்லியம்ஸ் அணிந்த நம்பர்; 31-ஐப் போட்டுக்கொண்டார். ரைட் ஃபீல்டுக்குப் பதில் லெஃப்ட் ஃபீல்ட், பேட்டிங் வரிசையில் கீழே, சில நாள் பெஞ்ச் என்ற நிபந்தனைகளுக்கெல்லாம் ஒப்புக்கொண்டார். முதல் முறை பேட் பிடிக்க வந்தபோது சியாட்டில் ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். ஒரு சிங்கிள் அடித்தார், அடுத்து இரண்டாவது பேஸைத் திருடினார்.

சம்பளத்தைப் பாருங்கள். 2012-ல் முடிந்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலர். அடுத்து யாங்கீஸில் இரண்டு வருடத்துக்கு 1.3 கோடி. 2015-ல் மயாமி மார்லின்ஸில் வருடத்துக்கு 20 லட்சம், அதுவும் நான்காவது அவுட்ஃபீல்டராக. 2018-ல் சியாட்டில் திரும்பியபோது ஏழரை லட்சம். பேரம் பேசத் தெரியாதவரா அவர்? களத்தில் இருப்பதற்குத் தான் கொடுக்கும் விலை எவ்வளவு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த விலையைக் கொடுத்ததால்தான் 2016 ஆகஸ்ட் 7, டென்வரில், 42 வயதில், மேஜர் லீக்கின் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். 2017-ல் நாளுக்கு ஒருமுறை, மற்றவருக்குப் பதிலாக பேட் பிடிக்க மட்டும் போய், அப்படியே 27 ஹிட் எடுத்தார். அந்தவகை ரெக்கார்டுக்கு ஒன்று குறைவு.

லே-ஆஃப் வந்து, பழைய டிசிக்னேஷனுக்கும் சம்பளத்துக்கும் குறைந்த எதுவும் வேண்டாம் என்று பல மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரெஸ்யூமேவில் இடைவெளி நீள நீள, அடுத்து வரும் ஆஃபர் இன்னும் கீழே போகும். இரண்டு எல்லைகளை இன்றே எழுதிவையுங்கள்: குடும்பம் நடத்தக் குறைந்தபட்சம் வேண்டிய மாதச் சம்பளம், எந்த வேலை உங்களை உங்கள் துறைக்குள்ளேயே வைத்திருக்கும் என்பதற்கான குறைந்தபட்ச ரோல். அதற்கு மேல் வரும் எதையும் பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

9. உடம்பு அனுப்பும் பில்லைப் பிரித்துப் படியுங்கள்

இவ்வளவுக்கும் ஒரு விலை இருந்தது, அதை மறைத்துவிட்டு இவரைப் பின்பற்றச் சொல்வது அநியாயம். சிறுவயதில் அப்பா கொடுத்த பயிற்சி கிட்டத்தட்ட வருடம் முழுக்க நடந்தது. வருடத்தில் 360 நாள் கடுமையான பயிற்சி என்று ஆறாம் வகுப்புக் கட்டுரையிலேயே எழுதினார். அது துன்புறுத்தலின் எல்லையைத் தொட்டது என்று பெரியவரானபின் அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவோடு உறவும் விரிசல் கண்டது.

2009 மார்ச்சில், நாடுகளின் அணிகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக். போட்டி முழுக்க அவர் பேட் மக்கர் பண்ணியது. லாஸ் ஏஞ்சலஸில் தென் கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில், பத்தாவது இன்னிங்ஸில், இரண்டு ரன் வரவைத்த ஹிட்டை அடித்து ஜப்பானை ஜெயிக்கவைத்தார். நாடு கொண்டாடியது. அடுத்த சில நாளில் வயிற்றில் ரத்தம் கசியும் அல்சர் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சீசனின் முதல் வாரத்தில் அவரால் ஆட முடியவில்லை. ஏப்ரல் 15-ல் திரும்பினார், அந்த வருடமும் 225 ஹிட் எடுத்தார் என்பது உண்மைதான். அதைச் சொல்லி உங்கள் அல்சரைத் தள்ளிப்போடாதீர்கள். டெட்லைன் வாரத்தில் சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஆன்டாசிட் பாட்டிலை டிராயரில் வைத்துக்கொண்டு ஓட்டுவது இரண்டையும் விடுங்கள். அவருக்கே டாக்டர் சொல்லி லீவ் போடவேண்டி வந்தது.

10. பாராட்டு வரும்போது வேகத்தைக் குறைக்காதீர்கள்

ஜப்பான் அரசு அவருக்கு மக்கள் கௌரவ விருது கொடுக்க முன்வந்தது, 2001, 2004, 2019 என்று பல முறை. ஒவ்வொரு முறையும் மரியாதையாக மறுத்தார். ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொன்ன காரணம், 'நான் இன்னும் வேலையின் நடுவில் இருக்கிறேன்' என்பது. நீங்கள் ப்ரமோஷனை மறுக்கவேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், இன்க்ரிமெண்ட் சதவீதத்தையும் பேசி ஏற்றுங்கள். மறுநாள் காலை அதே நேரத்துக்கு சீட்டில் இருங்கள்.

11. அடுத்த நாற்காலியை உட்கார்ந்திருக்கும்போதே பாருங்கள்

2018 மே மாதம் மரைனர்ஸ் அவரை ஆடும் அணியிலிருந்து எடுத்து, சேர்மனின் ஸ்பெஷல் அசிஸ்டென்ட் ஆக்கியது. ஆட்டம் கிடையாது. ஆனால் லாக்கர் அப்படியே இருந்தது, பயிற்சியும் அப்படியே. இளைய வீரர்களோடு தினமும் பந்து பிடித்தார், ஸ்ட்ரெச் செய்தார், கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2019 மார்ச்சில் டோக்கியோ டோமில் இரண்டு ஆட்டம் மட்டும் ஆடினார். ஹிட் எதுவும் வரவில்லை. மார்ச் 21 இரவு ஓய்வை அறிவித்தார். வேலையில்லாத நாள் என்று ஒன்று அவருக்கு வரவேயில்லை. பயிற்சியாளர் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பிறகு ஜப்பானில் பள்ளி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையான தகுதியையும் விதிப்படி படித்து வாங்கிக்கொண்டு, பள்ளி அணிகளைத் தேடிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறார்.

இந்த முறையைப் பிடிக்கப் பெரிய பெயர் வேண்டாம். இப்போதுள்ள வேலையில் இருந்துகொண்டே, மாதத்தில் இரண்டு சனிக்கிழமையை அடுத்த ரோலுக்கு ஒதுக்குங்கள். டெஸ்டிங்கில் இருப்பவர் ட்ரெயினர் ஆக விரும்பினால் ஜூனியர் பேட்சுக்கு ஒரு செஷன் எடுக்கட்டும். ரிடையர்மெண்டுக்கு மூன்று வருடம் இருக்கும் அக்கவுண்டன்ட், இரண்டு சின்னக் கடைகளின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துப் பழகட்டும். ஆபீஸ் சர்வீஸ் ரூல் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.